முன் சக்கரத்தில் சத்தம்: எந்தப் பக்கம், எந்தப் பாகம் என்று வீட்டிலேயே பிடிப்பது எப்படி

முன் சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "பேரிங் போயிருக்கும் சார்" என்று சொல்லிவிடுவார்கள். பேரிங் மாற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால் லோயர் ஆர்ம், அப்புறம் லிங்க் ராடு, கடைசியில் டயர் என்று பில் நீளும். எந்த நேரத்தில் சத்தம் வருகிறது என்பதை மட்டும் நீங்கள் துல்லியமாகப் பிடித்துவிட்டால், எந்தப் பாகம் என்பது முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும். ஜாக்கி போடுவதெல்லாம் அதை உறுதிசெய்து கொள்ளத்தான்.

இங்கே சொல்வது ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ மாதிரி முன் சக்கர ஓட்டம் உள்ள சின்ன கார்களுக்கு. இவற்றின் முன்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். மேலே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது), அதன் தலையில் ரப்பர் மவுண்ட்; கீழே லோயர் ஆர்ம், அதன் நுனியில் பால் ஜாயின்ட்; நடுவில் பேரிங்கைத் தாங்கும் நக்கிள்; ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து டை ராடு, கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸில்; இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் லிங்க் ராடு. பொலேரோ போன்ற பின் சக்கர ஓட்ட வண்டிகளுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

ஒரு நிமிடத்தில் முடியும் வேலைகள் முதலில்

பஞ்சர் கடைக்குப் போய் வந்த பிறகுதான் சத்தம் ஆரம்பித்ததா? அப்படியானால் வேறு எதையும் யோசிக்காமல் வீல் நட்டுகளைப் பாருங்கள். நட்டின் கூம்பு முனை ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் தளரும். சின்ன கார்களுக்கு வீல் நட் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. காலால் ஏறி மிதித்து முறுக்குவது அளவு ஆகாது. அதில் நட் ஏறும் ஸ்டட் இழுபட்டுப் பலவீனமாகும்.

அடுத்து வண்டிக்குள் இருக்கும் பொருட்கள். டிக்கியில் உருளும் ஜாக்கி, தளர்ந்த ஸ்டெப்னி போல்ட், கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், சஸ்பென்ஷன் சத்தம் என்ற பெயரில் பில் போட வைக்கும் ஆசாமிகள் இவைதான். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் சோதனை ஓட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். வீல் கப் ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். சந்தேகமிருந்தால் நான்கையும் கழற்றி வையுங்கள். டயர் பட்டைகளுக்கு நடுவே சிக்கிய கல், ஆணி, சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் லைனர் கிளிப் விட்டுத் தொங்குவது, எஞ்ஜினுக்கு அடியில் இருக்கும் மட்கார்டு ஸ்பீட் பிரேக்கரில் இடித்துக் கிழிந்து தரையில் உரசுவது: இவற்றை டார்ச் அடித்து ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். டயர் காற்றை டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

ஓட்டிக் கேட்பது

ஒரே பாதையைத் தேர்ந்தெடுங்கள். 2 கிலோமீட்டர் போதும். அதில் கொஞ்சம் நல்ல தார் ரோடு, ஒரு ஸ்பீட் பிரேக்கர், ஒரு காலி மைதானம் அல்லது அகலமான திருப்பம், ஒரு காம்பவுண்டு சுவர் இருந்தால் நல்லது. ஏசி, ஃபேன், பாட்டு எல்லாம் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, எப்போது சத்தம் வந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் குறிக்கக் கூடாது.

சுவரோரமாக, அந்தப் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு 15–20 கி.மீ. வேகத்தில் போனால் அந்தப் பக்கச் சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி காதுக்குள் வரும். திரும்பி வரும்போது மறுபக்கச் சக்கரம். வண்டிக்குள்ளிருந்து கேட்டால் பக்கம் ஏமாற்றும்: முன்பக்க இரும்புச் சட்டம் வழியாகச் சத்தம் பயணிக்கும், இடது லிங்க் ராடு சத்தம் வலது காலடியில் கேட்கும்.

சத்தத்துக்குத் தாளம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 165/80 ஆர் 14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் ஓடும். ஆல்டோவின் 145/80 ஆர் 12 டயர் 1.7 மீட்டர். அதாவது 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 3 முறை சுற்றும். "டிக் டிக் டிக்" என்று வினாடிக்கு மூன்று முறை கேட்டால் சக்கரச் சுற்றோடு ஒட்டிய ஏதோ ஒன்று: கல், ஆணி, வளைந்த டிஸ்க், தளர்ந்த நட். அதைவிடப் பல மடங்கு வேகமாக, தொடர்ச்சியாக இரைந்தால் பேரிங் அல்லது டயர். தாளமே இல்லாமல் ரோடு ஆடும்போது மட்டும் வந்தால் சஸ்பென்ஷன்.

50 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் ஒருமுறை கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்ஜினை மட்டும் எக்காரணத்துக்கும் அணைக்காதீர்கள், பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். எஞ்ஜின் வேகம் குறைந்ததும் சத்தமும் இறங்கினால் தேட வேண்டிய இடம் எஞ்ஜின், கியர்பாக்ஸ் பக்கம். அப்படியே நீடித்து, வண்டியின் வேகத்தோடு மட்டும் குறைந்தால் சக்கரப் பக்கம்.

"ஊம்ம்" என்ற இரைச்சல்: டயரா, பேரிங்கா?

அதிகமாகத் தப்பாகக் கண்டுபிடிக்கப்படுவது இதுதான். இரண்டும் 40 கி.மீ. தாண்டியதும் ஆரம்பிக்கும், வேகம் ஏற ஏற ஏறும், ஹெலிகாப்டர் தூரத்தில் பறப்பது மாதிரிக் கேட்கும்.

முதல் வேறுபாடு ரோடு. பழைய சொரசொரப்பான தார் ரோட்டிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான ரோட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் குரலே மாறினால் டயர். பேரிங் எந்த ரோட்டிலும் ஒரே சுருதியில் பாடும்.

இரண்டாவது, பாரத்தை மாற்றிப் பார்ப்பது. முன்னும் பின்னும் வண்டி இல்லாத அகலமான ரோட்டில் 50–60 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடது, வலது என்று வளைந்து போகும்படி திருப்புங்கள். சட்டென்று வெட்டக் கூடாது. இடது பக்கம் திருப்பும்போது வண்டியின் எடை வலது சக்கரங்களில் சாயும். அப்போது இரைச்சல் கூடி, வலது பக்கம் திருப்பும்போது குறைந்தால் கெட்டது வலது பேரிங். தலைகீழாக இருந்தால் இடது. இரண்டு திசையிலும் எந்த மாற்றமும் இல்லையென்றால் டயர்மீது சந்தேகத்தை வையுங்கள். இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு நம்பிவிடாதீர்கள், மூன்று முறையாவது ஒரே பதில் வர வேண்டும்.

மூன்றாவது, உள்ளங்கை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, டயர் பட்டையின் மேல் உள்ளங்கையை உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு இழுங்கள், பிறகு திரும்ப. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரிச் சொரசொரவென்றும் இருந்தால் வீல் அலைன்மென்ட்டில் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரியில்லை. அடுத்து டயரின் சுற்று வழியே கையை ஓட்டுங்கள். பட்டைத் துண்டுகள் ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை தேய்ந்தும் இருந்தாலும், இடைவெளி விட்டு விட்டுப் பள்ளம் விழுந்திருந்தாலும் அந்த டயர் இரையத்தான் செய்யும். பள்ளம் விழுந்தது ஷாக் அப்சார்பர் ஓய்ந்ததாலோ பேலன்சிங் போனதாலோ இருக்கலாம். டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே கதியாகும்.

இதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள், அதே பக்கத்திலேயே. இடது முன் டயர் இடது பின்னுக்கு, வலது முன் வலது பின்னுக்கு. 20 கி.மீ. ஓட்டுங்கள். இரைச்சல் பின்சீட்டுப் பக்கம் போய்விட்டால் டயர்தான். முன்னாலேயே நின்றால் பேரிங். ஒரு மணி நேர வேலை, செலவு இல்லை, இதைவிட நம்பகமான சோதனை வீட்டில் கிடையாது.

பேரிங் ஏன் போகிறது? ஆழமான பள்ளத்தில் வேகமாக இறங்கினால் உருளும் குண்டுகள் வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத குழி பதிக்கும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டும்போது, சூடான ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) திடீரென்று குளிர்ந்து, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, துரு பிடித்து, சில வாரம் கழித்துத்தான் சத்தம் வரும். அதனால் டிசம்பரில் கேட்கும் இரைச்சலுக்குக் காரணம் நவம்பர் வெள்ளமாக இருக்கலாம். பல வண்டிகளில் ஏ.பி.எஸ். சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கிறது. இரைச்சலோடு ஏ.பி.எஸ். விளக்கும் எரிய ஆரம்பித்தால் பேரிங் பக்கம் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

திருப்பும்போது "டக டக டக"

காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக இடது பக்கம் திருப்பி, முதல் கியரில் வட்டமடித்தபடி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். அப்புறம் வலது வட்டம். ரிவர்ஸிலும் இதே மாதிரி. ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது கூடி, விட்டால் குறையும் "டக டக டக" என்ற சீரான வெட்டுச் சத்தம் வந்தால் ஆக்ஸிலின் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் (திருப்பும்போதும் சக்கரத்தைச் சுழற்றும் மூட்டு) தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்துடையதுதான் கத்தும், ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். குனிந்து, அதை மூடியிருக்கும் பூட் என்ற ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்த பூட் கறுப்பு கிரீஸை ரிம்மின் உட்பக்கத்திலும் ஸ்ட்ரட் மீதும் பிசிறியடித்திருக்கும். பூட்டின் மடிப்புகளைக் கையால் விரித்துப் பார்க்க வேண்டும், வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும்.

பூட் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் அதிர்ஷ்டம். உடனே கழற்றிக் கழுவி, சி.வி. ஜாயின்ட்டுக்குரிய கிரீஸ் அடைத்து, பூட் மட்டும் மாற்றினால் போதும். சத்தம் வந்தபின் பூட் மாற்றிப் பயனில்லை. மண் உள்ளே போய் இரும்பைத் தின்றாகிவிட்டது.

ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒரு "டொக்", விடும்போது ஒரு "டொக்", நேராகப் போகும்போதும் வருகிறதென்றால் உட்பக்க ஜாயின்ட்டையும் எஞ்ஜின் மவுண்ட்டையும் பார்க்க வேண்டும். முடுக்கும்போது முன்பக்கமே அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றால் உட்பக்க ஜாயின்ட்.

பிரேக்கைத் தொட்டால் மாறும் சத்தம்

பிரேக் மிதிக்காதபோது மெல்லிய "கீஈஈ", லேசாக மிதித்ததும் நின்றுவிடுகிறது. பேட் தேய்ந்து, எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்ததன் அடையாளம் இதுவாக இருக்கலாம். ரிம்மின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். புது பேடில் உராயும் பகுதி 10 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ. ஆனால் மாற்றிவிட வேண்டும். ஒரு தீக்குச்சியின் தடிமன் சுமார் 2 மி.மீ.; அந்த அளவுதான் மிச்சம் என்றால் ஏற்கெனவே தாமதம். வெளிப்பக்க பேட் மட்டும்தான் இப்படிப் பார்க்கத் தெரியும். உட்பக்க பேட் அதைவிடத் தேய்ந்திருப்பது சகஜம், ஏனென்றால் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகினால் உட்பக்கம் மட்டும்தான் அழுந்திக்கொண்டே இருக்கும். ஆகவே சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பாருங்கள். ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து பூச வேண்டியது சிலிகான் பிரேக் கிரீஸ். சாதாரண கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போய் ஸ்லைடு பின் முன்னைவிட இறுகும்.

மிதிக்கும்போது "கர்ர்ர்" என்று இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம் வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

ராத்திரி மழையில் நின்ற வண்டி, காலையில் முதல் மூன்று நான்கு பிரேக்குக்கு "சரக் சரக்" என்று உரசும். டிஸ்க்கின் மேல் படிந்த துரு. கடலோர ஊர்களில் இது தினசரி. அதற்குப் பேட் மாற்றத் தேவையில்லை.

திடீரென்று, காது கூசும் கிறீச்சல், பிரேக் மிதித்தாலும் மாறவில்லை, திருப்பினால் மட்டும் கொஞ்சம் மாறுகிறது என்றால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடைச் சந்தேகியுங்கள். ஜல்லி ரோட்டில் போனபின் ஒரு பொடிக்கல் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தாலே விழுந்துவிடுவதுண்டு. இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி, தட்டையான ஸ்குரூ டிரைவரால் தகட்டை 2–3 மி.மீ. பின்னுக்கு நெம்பிவிடுங்கள். டிஸ்க்கில் கீறல் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேடு பள்ளத்தில் "லொட லொட" என்று ஆடி, பிரேக்கை லேசாகத் தொட்டதும் அடங்கிவிடும் சத்தம் சஸ்பென்ஷனுடையது இல்லை. காலிப்பரிலோ பேடிலோ ஆட்டம் இருக்கிறது. பேட் மாற்றும்போது சின்னக் கம்பிக் கிளிப்புகளைப் போடாமல் விட்டிருப்பார்கள், நிறைய இடங்களில் நடப்பது.

எந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய, பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்தி, ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் தகதகவென்றிருந்தால் காலிப்பர் இறுகியிருக்கலாம்.

பள்ளத்தில் "டக் டக்", ஸ்பீட் பிரேக்கரில் "கடக்"

20 கி.மீ. வேகத்தில், சின்னச் சின்னக் குழிகளில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது "டக் டக்" என்று தட்டினால் முதலில் லிங்க் ராடைப் பாருங்கள். மலிவான பாகம், மாற்றுவதும் சுலபம். சில அடிப்படை மாடல்களில் இந்த ராடே இருக்காது. அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிங்க் ராடைச் சோதிக்கும்போது நிறையப் பேர் செய்யும் தவறு, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குவது. அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடிக்கும், ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியாது. இரண்டு முன் சக்கரங்களும் தரையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் அந்தரத்தில் தொங்க வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, பின்னால் கைவிட்டு ராடின் நடுவைப் பிடித்து முன்னும் பின்னும் சட்டென்று ஆட்டுங்கள். நல்ல ஜாயின்ட் சுழலும், ஆனால் "டிக்" என்று குதிக்காது.

பெரிய ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக இறங்கும்போது ஒரே ஒரு கனமான "டொம்" கேட்டால் ஸ்ட்ரட், அதன் மேல் மவுண்ட். ஸ்ட்ரட் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் "டொய்ங்" என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால் மவுண்ட் பேரிங் இறுகிவிட்டது. ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு போய் ஒரு கட்டத்தில் விடுபட்டுத் துள்ளுகிறது. ஒருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்தால் அந்தத் துள்ளல் கையில் தெரியும். சுருள்களுக்கு நடுவே விரலை விடக் கூடாது.

பிரேக் பிடித்து நிற்கும் கடைசி நொடியில் ஒரு "கடக்", கிளம்பும்போது இன்னொரு "கடக்" என்றால் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் (ஆர்ம் மாட்டும் இடத்திலுள்ள ரப்பர் வளையம்). ரப்பர் கிழிந்து ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது. காலடித் தளத்தில் இந்த அடி உணரப்படும். ஸ்டீயரிங் பிடித்த கையிலேயே தட்டல் தெரிந்தால் டை ராடு எண்ட், ரேக் எண்ட் அல்லது ஸ்டீயரிங் தண்டின் ஜாயின்ட்.

கட்டில் முனகுவது மாதிரி "கிறீச் கிறீச்" என்றால் காய்ந்த ரப்பர். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து ஸ்பிரே பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புஷ்ஷில் மட்டும் அடித்து, முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி ஆட்டிப் பாருங்கள். நிற்கவில்லையா, அடுத்த புஷ். எதை நனைத்தபோது சத்தம் நின்றதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றிலும் ஒரேயடியாக அடித்துவிட்டால் சத்தம் நிற்கும், பதில் கிடைக்காது. டீசல், எஞ்ஜின் ஆயில், கிரீஸ் எதையும் ரப்பரில் அடிக்காதீர்கள். இரண்டு நாள் அமைதி கிடைக்கும், பிறகு ரப்பர் ஊதிக் கிழியும்.

ஜாக்கி போட்டுச் சோதிப்பது

டிக்கியில் வரும் ஜாக்கி சக்கரம் மாற்றத்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் எந்த உறுப்பையும் விடக் கூடாது. இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள். ஹாலோ பிளாக், செங்கல் வைப்பது ஆபத்து. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும். சமமான சிமென்ட் தரை வேண்டும். மண் தரையென்றால் ஜாக்கிக்குக் கீழே ஓர் அடிச் சதுரத்துக்குக் கெட்டியான பலகை. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே ஒரு கால் சுற்று தளர்த்துவது சக்கரத்தைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் மட்டும். ஆட்டிப் பார்க்கும் சோதனைக்கு நட்டுகள் இறுக்கமாகவே இருக்க வேண்டும்.

ஒரு சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து, மேல் கையால் தள்ளி, கீழ்க் கையால் இழுத்து மாற்றி மாற்றி ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டில் எது? ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க் வழியாக ஹப்பும் நக்கிளும் ஒன்றாகக் கட்டுண்டுவிடும். ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட்டை உறுதிசெய்ய, தொங்கும் டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்புங்கள். லோயர் ஆர்மும் நக்கிளும் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். அங்கே கண்ணுக்குத் தெரிகிற அசைவு இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கி, ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும்.

3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரிவது டை ராடு பக்கத்து ஆட்டம். இன்னொருவர் டை ராடு எண்டின் மேல் விரலை வைத்திருக்கட்டும். அங்கே "டிக்" என்று உணர்ந்தால் அது. அங்கே இல்லையென்றால் ரேக்கின் ரப்பர் பூட்டை அழுத்திப் பிடித்து உள்ளேயுள்ள ரேக் எண்டை உணர்ந்து பாருங்கள். ஸ்டீயரிங்கே கொஞ்சம் திரும்புவதை ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கடைசியாக, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, மறு கையை ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் வையுங்கள். மணலில் குண்டு உருள்வது மாதிரி நறநறவென்ற அதிர்வு விரலில் வந்தால் பேரிங் முடிந்தது. மெல்லிய "ஸ்ஸ்" பேட் உரசல், கியர்பாக்ஸ் பக்கமிருந்து லேசான இழுவை, இவை இயல்பு. காதைவிடக் கையை நம்புங்கள். ஆனால் எடை இல்லாமல் சுற்றும்போது ஆரம்பநிலையில் கெட்ட பேரிங் சும்மா இருக்கும், ஆட்டமும் இருக்காது. அப்போது ஓட்டிப் பார்த்த சோதனைதான் தீர்ப்பு. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது எஞ்ஜினை ஓட்டி கியர் போட்டுச் சோதிப்பதை வீட்டில் செய்யாதீர்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்தால் பிடிக்க ஆளில்லை.

கண்டுபிடித்த பிறகு

லிங்க் ராடு, பேட் இரண்டும் வீட்டில் மாற்றக்கூடியவை. பேட் எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். லிங்க் ராடும் அப்படி மாற்றுவதே நல்லது. பேரிங் கெட்ட பக்கம் மட்டும் போதும், ஆனால் அதை வீட்டில் தொடாதீர்கள். பிரஸ் (அழுத்தி ஏற்றும் இயந்திரம்) இல்லாமல் சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங் சீக்கிரமே மறுபடி இரைய ஆரம்பிக்கும். வெளி வளையத்தைத் தள்ள வேண்டிய இடத்தில் உள் வளையத்தைத் தள்ளினால், அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்ப் புது பேரிங்கிலேயே குழி விழும். ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பிரஸ் இருக்கா?" ஆக்ஸில் நட் புதிதாகப் போடுகிறார்களா, டார்க் ரென்ச்சில் இறுக்குகிறார்களா என்றும் நின்று பாருங்கள்.

லோயர் ஆர்ம் மாற்றினால் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும்போது கைப்பிடியாக மட்டும் முறுக்கிவைத்து, வண்டி தரையில் இறங்கி எடை ஏறிய பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். புது ஆர்ம் போட்டும் அதே "கடக்" திரும்பி வந்தது என்ற புகாரில் பல நேரம் இதுதான் காரணம். டை ராடு எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் எதைக் கழற்றினாலும் அலைன்மென்ட் கட்டாயம். லிங்க் ராடுக்குத் தேவையில்லை, கேட்டாலும் செய்யாதீர்கள்.

மெக்கானிக்கிடம் "முன்னாடி சத்தம் வருது" என்று சொல்லாமல், "50-க்கு மேல இரையுது, இடது பக்கம் திருப்பினா கூடுது, டயரை மாத்திப் போட்டும் முன்னாலயே இருக்கு" என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதே 2 கிலோமீட்டர் பாதையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் ஒருமுறை சரிபாருங்கள். அலாய் வீல் என்றால் இதை மறக்கவே கூடாது.